பேசுவதற்கு எதை எடுப்பது? ஆண்கள் வேதபாடக் குழுவின் தலைப்புகள் குறித்து



உபதேசியார் ஐயாவின் நினைவுச் சொற்பொழிவுக்கு இப்படியொரு தலைப்பா என்று சில தோழர்கள் கேட்டார்கள். இலக்கிய மேடையில் வேதபாடத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. அண்ணல் 1956இல் எந்தப் பக்கம் நடந்தார் என்று தெரிந்தும் இந்தப் புத்தகத்தை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது வேறு சிலர் கேள்வி. இரண்டும் நியாயமானவைதான். எங்களில் சிலர் விசுவாசிகள், சிலர் இல்லை. ஆனால் சேரிக் கோயிலில் ஞாயிறு மாலை பாய் விரித்து உட்காரும் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களுடைய தாத்தாக்களில் பலர் முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசித்த புத்தகம் இதுதான். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அந்த அச்சுத்தாள் நம் கைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வந்த பிறகு அதை யார் வாசிப்பது, யார் விளக்குவது, யார் வாய்மூடிக் கேட்பது என்பதெல்லாம் மேலிருந்தே தீர்மானமானது. அந்தத் தீர்மானத்தை எப்படி மாற்றுவது என்பதே இன்றைய பேச்சு.

பதில் தெரிந்த கேள்வி

ஆண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் நடத்தித் தாருங்கள் என்று ஒரு சபையில் எங்களைக் கேட்டார்கள். அச்சடித்த பாடப்புத்தகம் ஒன்றையும் கொடுத்தார்கள். குடும்பத் தலைவனின் கடமைகள், தசமபாகம், கடைசிக்கால அடையாளங்கள் என்று தலைப்புகள் வரிசையாக இருந்தன. முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆறாவது வாரம் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர் சூளை வேலைக்காரர். அவர் சொன்னார்: “சார், நீங்க கேக்குற கேள்விக்குப் பதிலு புஸ்தகத்துலயே அடியில போட்டிருக்குது. அப்புறம் எதுக்கு எங்களக் கேக்குறீங்க?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வேலை இடத்தில் மேஸ்திரி சொல்வதைக் கேட்கிறவர், அலுவலகத்தில் கைகட்டி நிற்கிறவர், கோயிலிலும் வந்து ஒப்பித்துவிட்டுப் போக வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கிறோம். எங்கள் முதல் விதி அன்று கிடைத்தது. நடத்துகிறவருக்குப் பதில் தெரிந்த கேள்வியை உரையாடலுக்கு எடுக்கக் கூடாது.

இந்த வழி நாங்கள் கண்டுபிடித்ததல்ல. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளரை அமைப்பாக்கிய கார்டைன் என்ற பாதிரியார் ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்ற முறையைப் பரப்பினார். நிகராகுவாவில் சொலெந்தினாமே தீவுகளின் உழவர்களும் மீனவர்களும் நற்செய்தியை வாசித்துத் தாங்களே விளக்கம் சொன்னார்கள். கவிஞரும் பாதிரியாருமான எர்னெஸ்தோ கார்தெனால் அதைத் தொகுத்தார். நம் பக்கத்தில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு, நாட்டார் பாட்டிலும் ஒரே உலையில் பொங்கித் தின்பதிலும் இறையியல் இருக்கிறது என்று காட்டினார்.

வாரத்திலிருந்து வேதத்துக்கு

இப்போது நாங்கள் செய்வது இது. தலைப்பு எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் துக்க வீட்டிலும் உட்கார்ந்து கேட்கிறோம். வாயில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்கிறோம். குழுக் கடன், கந்துவட்டி, அட்வான்ஸ், பத்திரம், சர்டிபிகேட், சுடுகாட்டுப் பாதை, குடி, பெண்பிள்ளையின் கல்லூரி. பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறோம். பதினைந்து இருபது வசனங்களுக்குள் அடங்குகிற, ஆட்களும் சண்டையும் உள்ள ஒரு கதையைத் தேடுகிறோம். உபதேச வரிகளை எடுத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கதையை எடுத்தால் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள்.

எடுத்துக்காட்டாக, யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம். பார்வோன் வைக்கோல் தருவதை நிறுத்திவிடுகிறான். ஆனால் செங்கல் கணக்கு ஒன்றும் குறையக் கூடாது என்கிறான். இதை வாசித்ததும் பாயின் ஓரத்தில் இருந்தவர்கள் நடுவுக்கு வந்தார்கள். பொங்கல் முடிந்து குடும்பத்தோடு சூளைக்குப் போய், மழைக்கு முன் திரும்புகிறவர்கள் அவர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாங்கிய அட்வான்ஸ் கழியாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே சூளை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது என்பதை அங்கிருந்த பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

அந்த அதிகாரத்தில் நாங்கள் எதிர்பார்க்காத ஓர் இடம் அவர்களுக்குக் கிடைத்தது. எகிப்திய ஆளோட்டிகள் இஸ்ரவேலரிலேயே சிலரைத் தலைவர்களாக வைத்திருக்கிறார்கள். கணக்குக் குறைந்தால் அடி வாங்குகிறவர்கள் அந்தத் தலைவர்கள். அவர்கள் பார்வோனிடம் போய் முறையிட்டுப் பார்க்கிறார்கள். பலிக்கவில்லை. வெளியே வந்து மோசேயின் மேல் பாய்கிறார்கள், உன்னால்தான் எங்களுக்கு இந்த நிலை என்று. குழுவில் ஒரு மேஸ்திரியும் இருந்தார். நம் ஆள்தான். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டுச் சொன்னார்: “ஓனரும் என்னத்தான் திட்றான், நம்ம சனமும் என்னத்தான் திட்டுது. ஆனா போன வருசம் கூலி கேட்ட பையன நான்தான் தொரத்தி உட்டேன்.” எந்தப் பாடப்புத்தகமும் இந்த வாக்குமூலத்தை வாங்கியிருக்காது.

கடனுக்கு நெகேமியா ஐந்தாம் அதிகாரம். வயலை அடகு வைத்தவர்களும் பிள்ளைகளை அடிமையாக்கியவர்களும் கூடி முறையிடுகிறார்கள். நெகேமியா பிரபுக்களைச் சபை நடுவே நிறுத்திக் கேட்கிறான். நானும் என் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறான். நம் குழுக்களிலும் வட்டிக்கு விடுகிறவர் ஒருவர் இருப்பார். இந்தக் கதை அவரையும் வெளியே தள்ளாமல் பேச வைக்கிறது. அநியாய வட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. அதையும் அன்றே பேசிவிடலாம்.

நிலத்துக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம். அரசன் பெயரில் கடிதம், முத்திரை, மூப்பரின் ஒத்துழைப்பு, இரண்டு பொய்ச் சாட்சி. நிலம் எப்படிக் கை மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒப்படைப்புக்கு அரசாணை வந்தது. அந்த நிலத்தை நம் மக்கள் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் இன்று அது யார் கையில் இருக்கிறது? வசனத்தை வாசித்த கையோடு, உங்கள் ஊர்ப் பதிவேட்டில் எந்தெந்தப் புல எண் பஞ்சமி என்று தேடுங்கள் என வேலையும் கொடுக்கலாம்.

சபைக்குள் சாதி

இது எடுக்கவே வேண்டிய தலைப்பு. ஆனால் முதல் மாதத்தில் எடுக்க வேண்டாம். ஒருவரையொருவர் நம்பிப் பேசப் பழகிய பிறகு எடுங்கள்.

இதற்கான பகுதிகள் புத்தகத்திலேயே தயாராக இருக்கின்றன. யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில், மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிற சபை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில், புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, சில பேர் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டிக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபடுகிறார்கள். தீர்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள். சேகரக் கமிட்டித் தேர்தலுக்கு முந்தைய மாதம் இதை வாசித்துப் பாருங்கள்.

கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று 1833இல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் அதற்கு எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரிக்கவும் ஒரு சுவர் நின்றது. ஆகவே இந்தத் தலைப்பை எடுத்தால் பிரச்சினை வரும். எங்களுக்கும் வந்தது. கலாத்தியர் பாடம் நடந்த மறுவாரம், ஆவிக்குரிய காரியங்களை மட்டும் பேசுங்கள் என்று ஒரு சபையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சாவியும் வரவில்லை. நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அன்றைக்கு ஆட்கள் கூடவே வந்தார்கள்.

இதன் இன்னொரு பக்கம் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. அதுவரை தமிழ்நாட்டில் நம் கிறிஸ்தவ மாணவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான். இதனால் ஒரே ஆளுக்குப் பள்ளியில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் வேறு பெயர். நீ இரட்டை வேடம் போடுகிறாய் என்று பிரசங்க மேடையும் சொல்கிறது, அலுவலகமும் சொல்கிறது.

இதற்கு நாங்கள் எஸ்தர் இரண்டாம் அதிகாரத்தையும் தானியேல் முதல் அதிகாரத்தையும் எடுத்தோம். எஸ்தருக்கு அத்சாள் என்று இன்னொரு பெயர் உண்டு. அரண்மனையில் தன் குலத்தை அவள் வெளியே சொல்லவில்லை. தானியேலுக்குப் பாபிலோன் அதிகாரி வேறு பெயர் வைக்கிறான். இந்த இரண்டாவது பெயர் யாருடைய குற்றம் என்பது மட்டுமே எங்கள் கேள்வி. நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அரசு ஊழியர், பெயரைச் சொல்லாமல், முதன்முறையாக அழுதார்.

நம் வீட்டு வாசல்

இதுவரை சொன்ன தலைப்புகளில் எதிரி வெளியே இருக்கிறான், அல்லது பாதி வெளியே. ஆண்கள் மட்டும் கூடும் இடத்தில் இத்தோடு நின்றால் நாம் பாதி நேர்மைதான் காட்டியிருக்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நத்தால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உஜமா மையம், 2 சாமுவேல் பதின்மூன்றாம் அதிகாரத்தை மக்களோடு வாசித்தது. தாவீதின் மகள் தாமாரை அவள் அண்ணன் முறையான அம்னோன் வன்புணர்கிற கதை அது. முதலில் பெண்களோடு வாசித்தார்கள், பிறகு ஆண்களோடும். நாங்களும் அதைப் பின்பற்றினோம். தாமாரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆண்களைப் பற்றியே கேட்டோம். யோசனை சொன்ன நண்பன் யோனதாப் யார்? நோயாளிபோலப் படுத்த அம்னோன் எதை விரும்பினான்? தங்கையைச் சும்மா இரு என்ற அப்சலோம் எதைக் காப்பாற்றினான்? கோபப்பட்டதோடு நின்றுவிட்ட தாவீது எப்படிப்பட்ட தகப்பன்? இந்த நால்வரில் நம் தெருவில் இருப்பவர் யார்?

அன்று நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: “நான் அடிக்கிறவன் இல்ல சார். ஆனா பக்கத்து வூட்ல சத்தம் கேட்டா டிவி சவுண்ட ஏத்தி வெப்பேன். நான் தாவீது.” இரண்டு பேர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அவர்களில் ஒருவருடைய மனைவி பெண்கள் ஐக்கியத்தில் உதவி கேட்டு வந்தார்.

ஆகவே ஓர் எச்சரிக்கை. இந்தத் தலைப்பை எடுப்பதற்கு முன் பெண்கள் ஐக்கியத்தோடு பேசுங்கள். பாடம் முடிந்து வீட்டுக்குப் போகிற ஆணின் கோபம் யார்மேல் இறங்கும் என்று யோசியுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், போய்த் தங்க ஓர் இடமும் முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

குடியைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான். குடிக்கிறவரை நடுவில் நிறுத்திப் பிரசங்கம் செய்தால் அவர் மறுபடி வரமாட்டார். உடல்வலி, கூலி நாள், கடை இருக்கும் இடம், வீட்டுக்குப் போய்ச் சேரும் பணம் என்று கேட்டால் அவரே கணக்குச் சொல்வார்.

சில நடைமுறைகள்

ஒரு மாலைக்கு ஒரே பகுதி, நான்கே கேள்வி போதும். எழுத்து தெரியாதவர் இருந்தால் வாசித்த பிறகு கதையை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சேர்ப்பதும் விடுவதும் நல்ல விளக்கவுரை. மூப்பர் முதலில் பேசிவிட்டால் இளைஞர் வாய் திறக்கமாட்டார்கள், அதனால் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். கடைசிக்காலக் கணக்குகளை விட்டுவிடுங்கள், அதில் ஒருவர்தான் பேசுவார். அங்கே சொன்னது அங்கேயே இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். முடிக்கும்போது ஒரு சிறிய வேலையைத் தீர்மானியுங்கள். ஒரு மனு எழுதலாம், ஒரு வீட்டுக்குப் போய்வரலாம், ஒரு பதிவேட்டைப் பார்க்கலாம். அடுத்த வாரப் பேச்சு அந்த வேலையிலிருந்தே தொடங்கும்.

உபதேசியார் ஐயாவுக்கு இந்தக் கோட்பாட்டுப் பெயர்கள் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரவுப் பள்ளியில் அரிக்கேன் விளக்கைப் பொருத்திவிட்டு, புத்தகத்தைத் திறக்கும் முன் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்பாராம்: “இன்னிக்கு எங்க வேல? என்னா குடுத்தான்?” எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் எந்த அதிகாரம் என்று முடிவு செய்வார். அங்கே படித்தவர்களில் இருவர் இந்த அவையில் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் குழுவுக்கு அடுத்த ஞாயிறு தலைப்பு எடுக்கும்போது அந்த இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.