ஒரு சாண் மீனுக்காக ஓர் ஓடையையே காலி செய்தார்கள்!

உச்சிவேளை கழிந்ததிலிருந்து பொழுது சாயும் வரையில், கால் மரத்துப்போகும் குளிர்ந்த ஓடையில் நிற்கிறார் ஒருவர். கையில் தூண்டில். கிடைப்பதோ ஒரு சாண் நீளங்கூட இல்லாத மீன். அதையும் அவர் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்!

இவருக்குப் பைத்தியமா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் ஸ்மோக்கி மலைக்குப் போனால் இப்படிப்பட்ட பைத்தியங்களை நிறையப் பார்க்கலாம்.

டென்னசி, வட கரோலினா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது அந்த மலைத்தொடர். 'ஸ்மோக்கி' என்றால் புகை சூழ்ந்தது என்று பொருள். காட்டு மரங்கள் விடும் ஆவியால் மலை முழுவதும் நீலப் புகை போர்த்தியதுபோல் தெரியும். நம் நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல.

ஓடை என்றதும் பெரிய ஆறாக நினைத்துவிடக் கூடாது. உயரே போகப் போக, பல இடங்களில் ஒரே தாவலில் தாண்டிவிடலாம். பாறைக்குப் பாறை தண்ணீர் குதிக்கிறது. ஒவ்வொரு பாறையின் கீழும் அண்டா அளவில் ஒரு மடு. இரு கரையிலும் புதர் கவிந்து கூரை போட்டிருக்கிறது. நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்களே, அந்த ரோடோடெண்ட்ரான் இனத்துப் புதர்தான்.

இறகில் ஒரு பூச்சி

இங்கே மண்புழுவுக்கு வேலையில்லை. இது தேசியப் பூங்கா. உயிருள்ள இரை கூடாது, ஒற்றை முள்ளில் செயற்கை இரைதான் போட வேண்டும் என்பது சட்டம். ஆகவே சின்னஞ்சிறு முள்ளில் சேவல் இறகைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிப் பூச்சிபோல் செய்துகொள்கிறார்கள். பழைய வித்தைதான். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமாபுரி எழுத்தாளர், மாசிடோனியா நாட்டார் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

மீனை ஏமாற்ற வேண்டுமானால் அது எதைத் தின்கிறது என்பது தெரிய வேண்டும். 'மே ஈ' என்று ஒரு பூச்சி. மாதக் கணக்கில் தண்ணீருக்கடியில், கல்லைப் பற்றிக்கொண்டு வாழும். பிறகு சிறகு முளைத்து மேலே வரும். அதன்பின் நம் ஈசலைப்போல அற்ப ஆயுள்தான். ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். அது நீர்மேல் மிதக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் மீன் காத்திருக்கிறது.

சாதாரணத் தூண்டிலில் முனையில் கட்டிய ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இந்த இறகுப் பூச்சிக்கோ எடையே கிடையாது. எடையெல்லாம் நரம்பில்தான். அதனால் சாட்டையைச் சொடுக்குவதுபோல் நரம்பையே வீச வேண்டும். ஆனால் தலைக்கு மேல் புதர் கவிந்த இடத்தில் சாட்டையைச் சுழற்றுவது எப்படி? பூச்சியை விரலால் பிடித்து இழுத்து, கோலை வில்லாக வளைத்து, அம்பு விடுவதுபோல் விட்டுவிடுகிறார்கள்!

மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். இரை அந்தத் திசையிலிருந்துதானே வருகிறது! ஆகவே தூண்டில்காரர் அதன் முதுகுப் பக்கமாக, கீழிருந்து மேலே, குனிந்து குனிந்து வருகிறார். நிமிர்ந்து நின்றால் போச்சு. தண்ணீருக்குள்ளிருந்தே அது கரையில் இருப்பவரைப் பார்த்துவிடும். பூச்சி தண்ணீரோடு தண்ணீராக மிதந்து வர வேண்டும். நரம்பு இழுத்து நீரில் ஒரு கோடு விழுந்தாலும் மீன் ஏறெடுத்துப் பார்க்காது.

எல்லாம் சரியாக அமைந்தால், மடுவின் அடியிலிருந்து ஒரு நிழல் எழும்பும். 'களுக்'கென்று ஒரு சத்தம். கோல் வளையும்!

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவார்கள். உலர்ந்த கை பட்டால் அதன் உடம்பின் வழுவழுப்புப் போய் நோய் கண்டுவிடும். என்ன அழகு அந்த மீன்! ஆலிவ் பச்சை முதுகில் புழு ஊர்ந்த தடம்போல் கோடுகள். விலாவில் சிவப்புப் பொட்டு, அதைச் சுற்றி நீல வளையம். கீழ்ச் செட்டைகள் ஆரஞ்சு நிறம். ஓரத்தில் வெள்ளைக் கரை. பெயர் 'புரூக் டிரவுட்', அதாவது ஓடை டிரவுட். விஞ்ஞானிகளின் கணக்கில் அது டிரவுட்டே அல்ல, 'சார்' என்ற கிளையைச் சேர்ந்தது. மலைவாசிகள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர்களுக்கு அது 'புள்ளி மீன்'.

விருந்தாளி வீட்டைப் பிடித்த கதை

டிரவுட் வகையில் இந்த மலையின் சொந்த மீன் இது ஒன்றுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் உள்ளே நுழைந்தன. ரயில் பாதை போட்டுக் காட்டை வெட்டிக் குவித்தன. நிழல் போயிற்று, தண்ணீர் சூடேறியது, மண் சரிந்து ஓடையில் படிந்தது. புள்ளி மீன் அருகியது.

தூண்டில்காரர்களுக்கு மீன் வேண்டுமே! பசிபிக் கடலோர ஆறுகளின் வானவில் டிரவுட்டைக் கொண்டு வந்து விட்டார்கள். 1934இல் பூங்கா உருவான பிறகும் 1970கள் வரையில் மீன் விடுவது நடந்தது. வந்த விருந்தாளி இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டு வீட்டுக்காரனை மேலே விரட்டிவிட்டது. புள்ளி மீன் வாழ்ந்த ஓடைகளில் முக்கால் பங்கு பறிபோயிற்று. எஞ்சியவை பெரும்பாலும் 3,000 அடிக்கு மேலே ஒதுங்கிவிட்டன.

இதே வானவில் டிரவுட்தான் நம் நீலகிரிக்கும் வந்தது. 1860களில் பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் டிரவுட்டை உயிரோடு கொண்டு வர முயன்று தோற்றுப்போனார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானவில் டிரவுட் முட்டைகளைத் தருவித்த பிறகே காரியம் பலித்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் எழுந்தது.

ஸ்மோக்கி மலையில் தவற்றைத் திருத்தக் கிளம்பினார்கள். மீன் ஏற முடியாத நீர்வீழ்ச்சியாகப் பார்த்து, அதற்கு மேலே உள்ள ஓடையைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறிய ஓடை என்றால் முதுகில் பாட்டரியைக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கிய வானவில் மீன்களை வலையால் அள்ளினார்கள். பெரிய ஓடைக்கு ஆன்டிமைசின் என்ற மருந்து. அது மீனின் மூச்சை நிறுத்திவிடும். மருந்து கீழே ஓடிப் போய்விடாமல் முறிக்க என்ன போட்டார்கள் தெரியுமா? நம் ஊர்க் கிணறுகளில் போடுகிற அதே பெர்மாங்கனேட்!

மீனைக் காப்பாற்ற மீனைக் கொல்வதா? கேட்கக் கூசத்தான் செய்கிறது. ஆனால் வானவில் டிரவுட்டுக்கு உலகம் முழுவதும் இடம் இருக்கிறது. இந்தப் புள்ளி மீனோ இந்த மலையின் சொந்த மீன். காலி செய்த ஓடையில், பக்கத்து ஓடைகளிலிருந்து புள்ளி மீன்களைக் கொண்டு வந்து விட்டார்கள். லின் கேம்ப் பிராங் என்ற ஓடையில் சுமார் 8 மைல் தூரத்துக்கு இந்த வேலை நடந்தது. 2015இல்தான் அங்கே தூண்டில் போட அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, 2006இல், பல ஆண்டுகளாகப் புள்ளி மீன் பிடிக்க இருந்த தடையை நீக்கியிருந்தார்கள். ஒரு நாளைக்கு 5 மீன், குறைந்தது 7 அங்குலம் என்பது அளவு. சட்டப்படி எடுத்துப் போகலாம். ஆனாலும் பலர் எடுப்பதில்லை.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. ஓடைக்கு நிழல் தரும் ஹெம்லாக் மரங்களை, ஜப்பானிலிருந்து வந்த பஞ்சு போன்ற ஒரு பூச்சி உறிஞ்சிக் கொல்கிறது. 2002இல் அது பூங்காவுக்குள் வந்துவிட்டது. மரத்துக்கு மரம் மருந்து ஊற்றுகிறார்கள். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடேறினால் புள்ளி மீன் தவித்துப்போகும்.

இலையுதிர் காலத்தில் பெட்டை மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிடுகிறது. முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கற்களின் இடுக்கிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் ஓடையில் இறங்கும் தூண்டில்காரர்கள், அடியில் கழுவி வைத்தாற்போல் வெளுத்த கூழாங்கல் திட்டு தென்பட்டால், அதில் கால் வைக்காமல் கரையேறிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.