உணவுக் குறைப்பும் முடியுதிர்வும்

தமிழர் கூந்தலுக்கு அளித்த மதிப்புப் பெரிது. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்த வழக்குப் பற்றி அதனை ‘ஐம்பால்’ எனப் பழம்புலவர் வழங்கினர். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்னும் வினாவே நக்கீரரை இறைவனோடு வழக்காட வைத்ததெனத் திருவிளையாடற் புராணம் கூறும். வள்ளுவரோ, தம் நிலையினின்று தாழ்ந்தவர்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிரையே உவமையாக்கினார். தலையில் உள்ளவரை போற்றப்படுவதும், நிலத்தில் வீழ்ந்தபின் இகழப்படுவதுமாகிய இப்பொருள் உதிரத் தொடங்குங்கால் மனங் கலங்காதார் அரியர்.

நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் பெருகியுள்ள இக்காலத்தில், உடல் நிறையைக் குறைக்குமாறு வைத்தியர் பலர்க்கு அறிவுரை கூறுகின்றனர். அதனைத் தலைமேற் கொண்டு உணவைச் சுருக்கிய ஒருவர், சில திங்கள் கழித்துச் சீப்பிலும் தலையணையிலும் குளிக்கும் இடத்திலும் கற்றை கற்றையாக முடியைக் காண்கின்றார். அந்நிலையில் மக்கள் இருவகைத் தவறுகளுள் ஒன்றிற்கு ஆளாதல் உண்டு. ஒரு சாரார் உணவுக் கட்டுப்பாட்டையே கைவிட்டு, இழந்த நிறையையும் அதனோடு நோயையும் மீட்டுக்கொள்கின்றனர். மற்றொரு சாரார் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கிக்கொண்டு, எண்ணெயும் மாத்திரையும் மாறிமாறி வாங்குகின்றனர். வைத்தியரிடஞ் செல்லினும் தாம் உண்ணாதிருந்த செய்தியை மறைத்து விடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டற்பாலன அல்ல. உதிரும் முடி, சில திங்களுக்கு முன் உடல் உற்ற குறையைக் காலந் தாழ்த்து அறிவிக்கும் சாட்சியாகும். அச்சாட்சி கூறுவதை விளங்கிக்கொண்டோர் நிறைகுறைப்பைக் கைவிடாமலே முடியையும் காத்துக்கொள்ளலாம்.

அதனை விளங்குதற்கு முடியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள. ஒவ்வொரு முடியும் தோலினுள் அமைந்த நுண்ணிய குழியொன்றிலிருந்து வளர்கின்றது. இக்குழியை மயிர்ப் புடைப்பு என்பர். வெளியே காணப்படும் முடி கெரற்றின் என்னும் புரதத்தாலாகிய உயிரற்ற இழையே. உயிருள்ள பகுதி புடைப்பின் அடியிலேயே உளது. அங்குள்ள கலங்கள் உடலில் மிக விரைவாகப் பிரிந்து பெருகும் கலங்களுட் சேர்ந்தவை. அவற்றின் உழைப்பினால் முடி திங்களொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளுகின்றது.

இவ்வளர்ச்சி இடையறாது நிகழ்வதன்று. முடியின் வாழ்வு மூன்று நிலைகளை உடையது. முதலாவது வளர்நிலை, இஃது இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை நீடிக்கும். இரண்டாவது மாறுநிலை, இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். மூன்றாவது ஓய்வுநிலை, இஃது ஏறத்தாழ மூன்று திங்கள் நிற்கும். ஓய்வின் முடிவிற் பழைய முடி கழன்று வீழ, அதே புடைப்பிலிருந்து புதுமுடி முளைக்கின்றது. நலமுள்ள ஒருவர் தலையில் பத்தில் ஒன்பது பங்கு முடி வளர்நிலையிலும் எஞ்சியவற்றுட் பெரும்பாலன ஓய்வுநிலையிலும் இருக்கும். ஆதலின் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை முடி உதிர்தல் இயற்கையே. அதனை நோயெனக் கருதுதல் தவறு.

உணவு திடீரெனக் குறையுமாயின் யாது நிகழும்? வருவாய் சுருங்கிய குடும்பம் முதலில் அத்தியாவசியமற்ற செலவை நிறுத்துவது போல, உடலும் இதயம், மூளை முதலிய உறுப்புக்களைக் காத்தற் பொருட்டு முடிவளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளுகின்றது. வளர்நிலையில் இருந்த முடிகளுட் பல ஒருங்கே ஓய்வுநிலை புகுகின்றன. ஆயினும் அவை உடனே வீழ்வதில்லை. இரண்டு மூன்று திங்கள் தலையிலேயே தங்கி, பின்னரே உதிர்கின்றன. இந்நிலையை அமெரிக்கத் தோல்நோய் அறிஞராகிய அல்பேட் கிளிக்மன் 1961 ஆம் ஆண்டில் விரித்துரைத்து, ‘ரெலோஜன் எஃப்ளூவியம்’ எனப் பெயரிட்டார். ஓய்வுநிலை உதிர்வு எனத் தமிழிற் கூறலாம். இவ்வாறு உதிர்ந்த முடியின் அடியில் வெண்ணிறச் சிறுகுமிழ் ஒன்று காணப்படும். அதனை வேரென மயங்கி, வேரே அறுந்ததென அஞ்சுவோர் பலர். அஃது ஓய்வுற்ற முடியின் நுனி மாத்திரமே; முளைக்கவேண்டிய புடைப்புத் தோலினுள் நலமாகவே உளது.

இக்கால இடைவெளியே மயக்கம் பலவற்றுக்குக் காரணமாகின்றது. ஒருவர் தைத் திங்களில் உணவை மிகச் சுருக்குகின்றார் எனக் கொள்க. நிறை குறைய மகிழ்கின்றார். சித்திரையில் முடி உதிர்கின்றது. அதற்கு முந்திய வாரம் மாற்றிய சவர்க்காரத்தின் மீதோ கிணற்று நீரின் மீதோ பழி சுமத்தப்படுகின்றது. தையில் நிகழ்ந்ததை எவரும் எண்ணுவதில்லை. சித்திரையிலேயே அவர் உணவைத் திருத்திக்கொண்டாலும், முன்னரே ஓய்வு புகுந்த முடிகள் ஆடி வரை உதிர்ந்துகொண்டே இருக்கும். திருத்தம் பயனளிக்கவில்லையென மனந்தளர்ந்து ஆடியில் ஒரு புதிய தைலம் வாங்குகின்றார். ஆவணியில் உதிர்வு நிற்கின்றது. புகழ் முழுவதும் அத்தைலத்துக்கே போய்ச் சேர்கின்றது. ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்தமையால் முன்னையதே பின்னையதற்குக் காரணமென முடிவு செய்தல் அளவை நூலார் கடிந்த குற்றமன்றோ?

உணவுக்கும் முடிக்கும் உள்ள தொடர்புக்குச் சான்றுகள் பல உள. 1933 ஆம் ஆண்டில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், அக்காலத்தில் தங்கக் கரை எனப்பட்ட இன்றைய கானா நாட்டிற் குழந்தைகளைத் தாக்கிய நோயொன்றை விவரித்தார். குவாசியோக்கர் எனப்படும் அந்நோயில் உடல் வீங்குவதோடு, முடியும் நிறம் வெளிறி மெலிந்து உதிரும். 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பார் 36 இளைஞரைக் கொண்டு அரைப்பட்டினி ஆய்வொன்றை நடத்தினார். போர்ப்பணியை மனச்சாட்சி காரணமாக மறுத்துத் தாமாகவே முன்வந்தவர் அவ்விளைஞர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவுடன் 24 வாரம் வாழ்ந்து, தம் நிறையிற் காற்பங்கை இழந்தனர். களைப்பு, மயக்கம், மனச்சோர்வு என்பவற்றோடு முடியுதிர்வும் அவர்களிடங் காணப்பட்டது. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய இதழொன்றில், கடுமையான உணவுக் குறைப்பைத் தொடங்கி இரண்டு முதல் ஐந்து திங்களில் முடி மிகுதியாக உதிர்ந்த ஒன்பது பேரின் வரலாறு வெளியாயிற்று. இன்று நிறைகுறைப்புக்கு வழங்கும் செமகுளூட்டைட்டு என்னும் ஊசிமருந்தின் விபரத்தாளிலும், அதனைப் பெற்ற வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர்க்கு முடியுதிர்வு நேர்ந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது; மருந்தற்ற ஊசி பெற்றோருள் அது நூற்றுக்கு ஒருவர் அளவே. நிறை விரைந்து குறைதலும் இதற்கு ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது.

குறைவன யாவை? மொத்தக் கலோரி, புரதம், இரும்பு, நாகம் என்பன முதன்மையானவை. ஆயின் குறைவே கேடு, மிகை நன்று என்று கொள்ளுதலும் பிழை. விற்றமின் ‘ஏ’ அளவு மிஞ்சினும் முடி உதிரும். செலனியத்தின் மிகையும் அத்தகையதே. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையான துணையுணவுத் திரவம் ஒன்றிற் பிழையாகச் செலனியம் பன்மடங்கு கலந்தமையால், அதனை அருந்திய இருநூறு பேர் வரையில் நஞ்சூட்டுற்றனர். அவர்களுட் பெரும்பாலார் முடியிழந்தனர். முடி வளர்க்கும் மாத்திரை என்று எதனையும் அளவறியாது உட்கொள்ளுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இனி, உணவைக் குறைத்தவர் முடி உதிர்ந்தால் அதற்கு உணவே காரணமெனத் தாமே முடிவு செய்தலும் ஆகாது. தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு, குருதிச்சோகை, மகப்பேறு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், சத்திரசிகிச்சை, சில மருந்துகள் ஆகியவையும் இவ்வாறே முடியை உதிர்க்கும். பரம்பரை வழுக்கை நெற்றியோரத்திலோ உச்சியிலோ மெல்ல மெல்லப் பரவுவது. புழுவெட்டு வட்டவட்டமாகத் தோன்றுவது. உணவுக் குறைப்பால் வரும் உதிர்வோ தலை முழுவதும் பரந்து மெலிவிப்பது. முழு வழுக்கையை உண்டாக்குவதன்று. தலைத்தோல் சிவத்தல், நோதல், செதிலுதல், வடுப்படல், புருவமுடி உதிர்தல், நெஞ்சு படபடத்தல், பொறுக்கவியலாக் குளிர், மாதவிடாய் மிகுதல் அல்லது நின்றுவிடல், முயலாமலே நிறை குறைதல் ஆகிய குறிகளுள் ஒன்றேனும் இருப்பின் வைத்தியரை நாடுதலிற் சுணங்குதல் கூடாது. உதிர்வு ஆறு திங்களுக்கு மேல் நீடிப்பினும் அவ்வாறே.

நோயின் காரணத்தை முதலில் நாடுதல் மருத்துவன் கடனென்பது வள்ளுவர் கருத்து. ஆயின் காரணத்தை அறிந்தவரே அதனை மறைப்பின் மருத்துவன் யாது செய்வான்? எத்திங்களில் உணவைச் சுருக்கினார், எதை விலக்கினார், எத்தனை கிலோகிராம் குறைந்தார், அதற்கு முன்னோ பின்னோ காய்ச்சல் வந்ததா, என்னென்ன மருந்தும் மாத்திரையும் தைலமும் பயன்படுத்தினார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுதல் நலம். தேவைக்கேற்பக் குருதியின் ஈமோகுளோபின், இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், தைரொயிட்டின் நிலையைக் காட்டும் ரி.எஸ்.எச். ஆகியவற்றை வைத்தியர் சோதிப்பிப்பார். முடிக்கென விற்கும் பயற்றின் மாத்திரை உண்பவர் அதனைச் சோதனைக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். தைரொயிட்டுச் சோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் சோதனையையும் அது பிறழச் செய்யக்கூடுமென 2017 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது.

உணவைத் திருத்துதல் நிறைகுறைப்பைக் கைவிடுதலன்று. வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோகிராம் வரை மெல்லக் குறைதல் பொதுவாகத் தகுந்ததெனக் கொள்ளப்படுகின்றது. நாளொன்றுக்கு 800 கலோரிக்குட்பட்ட உணவு வைத்தியர் மேற்பார்வையின்றி மேற்கொள்ளத் தக்கதன்று. சோற்றைக் குறைப்பவர் அதனோடு சேர்த்துக் கறியையும் குறைப்பதே இங்கு நேரும் பெரும் பிழையாகும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். பயறு, கடலை, உழுந்து, பருப்பு, கௌபி, பால், தயிர் ஆகியன சைவ உணவினர்க்கும், மீனும் முட்டையும் ஏனையோர்க்கும் அதனை அளிக்கவல்லன. மரக்கறியில் உள்ள இரும்பு உடலில் எளிதிற் சேர்வதில்லை. கீரையோடும் பயற்றோடும் தேசிக்காய்ச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாப்பழமோ சேர்ப்பின் அது நன்கு சேரும். உணவோடு அருந்துந் தேநீர் அதனைத் தடுக்கும். ஆதலின் தேநீரை உணவுக்கு ஒரு மணித்தியாலம் விலக்கி அருந்துதல் நன்று. நீரிழிவுக்கு மருந்து உண்போர் உணவின் அளவை மாற்றுமுன் வைத்தியரைக் கலந்தாலோசித்தல் வேண்டும். உணவு குறைய மருந்து குறையாதாயின் குருதியில் வெல்லம் ஆபத்தான அளவுக்குத் தாழலாம். சிறுநீரக நோயுடையோரும் கேளாது புரதத்தைக் கூட்டுதல் ஆகாது.

ஆசிரியரும் பெற்றோரும் கருதவேண்டியது ஒன்றுண்டு. நிறை குறைக்கவேண்டிய தேவையே இல்லாத மாணவ மாணவியரும் உணவைச் சுருக்குவதுண்டு. மதிய உணவைத் தொடாது மீளக் கொண்டுசெல்லும் பிள்ளை, நாளுக்கு நாள் மெலிந்தும் தன்னைப் பருமனென்றே கூறும் பிள்ளை, முடி மெலிந்து அடிக்கடி மயங்கும் பிள்ளை ஆகியோரிடத்து முடியுதிர்வு அழகைப் பற்றிய செய்தி அன்று. உணவை வெறுத்தல் உயிருக்கே ஊறு செய்யும் உளநோயாதல் கூடும். அத்தகையோரைக் கேலியோ கண்டிப்போ திருத்தமாட்டா. பரிவுடன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலே கடன்.

காரணம் நீங்கியபின் உதிர்வு பெரும்பாலும் ஆறு திங்களுக்குள் அடங்கும். அதுவரை முடியை இறுகக் கட்டாதும், ஈரமுடியை வலிந்து வாராதும் இருப்பின் போதும். குளிக்கும்போது முடி வீழ்கின்றதென அஞ்சிக் குளிக்காதிருத்தல் பயனற்றது. வீழவேண்டிய முடி நாளை வீழும். நெற்றியோரத்திற் குறுமுடிகள் அரும்புதல் நற்குறியாகும். ஆயினும் திங்களுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளரும் முடி இழந்த நீளத்தை மீண்டும் பெறுதற்கு ஆண்டுகள் செல்லும். அக்காலம் முழுவதும், “தலை ஏன் இப்படியாயிற்று?” என்னும் உறவினர் வினாவைத் தாங்குதலே சிலர்க்கு நோயினுங் கொடியதாகின்றது. அவ்வினாவைத் தவிர்த்தல் சுற்றத்தார் எளிதிற் செய்யத்தக்க உதவி.

சுருங்கக் கூறின், உடலைத் திருத்த முற்பட்டவர் அதனை வருத்துதல் முறையன்று. அளவறிந்து உண்ணுதல் மிகுதியை விலக்குவதுபோலவே குறையையும் விலக்குவதாகும். சீப்பிற் சிக்கிய முடியைக் கண்டவர், மூன்று திங்களுக்கு முன் தாம் உண்ட கலத்தை ஒருமுறை நினைந்து பார்ப்பாராக. நினைந்ததை வைத்தியரிடம் மறையாது கூறுவாராக.