விமானிகளும் சரிபார்க்கும் பட்டியலும்



நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் ஒரு நாள் காலை வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ‘உள்ளேன் ஐயா’ என்ற குரல் வரிசையாக வந்தது; நானும் குறித்துக்கொண்டே போனேன். முடித்து நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் பெஞ்சில் ஓர் இடம் காலி! அந்தப் பையனுக்கும் வருகை போட்டிருந்தேன். எவனும் குறும்பு செய்யவில்லை. நாள்தோறும் வரும் பதிலை எதிர்பார்த்த என் கை, பதில் வராமலே குறித்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இதை அடித்துத் திருத்திவிடலாம். ஆகாய விமானத்தில் நேர்ந்தால்?

விமானிகளிடையே பட்டியல் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் வேரூன்றியதே ஒரு விபத்தினால்தான். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ரைட் ஃபீல்டு தளத்திலிருந்து போயிங் கம்பெனியாரின் நான்கு எஞ்சின் விமானமொன்று சோதனைக்காகக் கிளம்பிற்று. ஓட்டியவர் மேஜர் ஹில் என்னும் தேர்ந்த விமானி. எழும்பிய விமானம் மூக்கை மேன்மேலும் தூக்கி, வேகமிழந்து, கீழே வீழ்ந்து எரிந்தது. ஹில்லும் மற்றொருவரும் மாண்டனர். எஞ்சின்களில் பழுதில்லை. விமானம் தரையில் நிற்கையில் காற்று சுக்கான்களை ஆட்டிக் கெடுக்காதிருக்க ஒரு பூட்டு உண்டு. அதை விடுவிக்க மறந்திருந்தனர். அவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நினைவிற் கொள்ளவேண்டியவை அவ்வளவு பெருகிவிட்டன. ஆகவே செய்யவேண்டியவற்றைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறையை வகுத்தனர்.

அத்துடன் தொல்லை தீரவில்லை. 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராயிட் நகரில் ஒரு பயணி விமானம் புறப்பட்டது. குறைந்த வேகத்தில் விமானம் மேலெழ, இறக்கையின் விளிம்புகளிலுள்ள பலகைகளை முன்கூட்டியே நீட்டவேண்டும். அதை நினைவூட்டும் பட்டியலும் விமானிகளிடம் இருந்தது. ஆனால் ஓடுபாதை மாறிற்று. வானிலைச் செய்தி வந்தது. போகும் வழியில் ஒரு திருப்பமும் தவறிப்போயிற்று. இந்தச் சந்தடியில் பட்டியல் படிக்கப்படவே இல்லை. எச்சரிக்கவேண்டிய கருவிக்கும் மின்சாரம் வரவில்லை. 156 பேர் இறந்தனர். விமானத்திலிருந்தவர்களில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியே பிழைத்தாள்.

‘விமானிகளின் அசட்டை’ என்று சொல்லி வழக்கை முடிப்பது எளிது. ஆனால் அடுத்த விமானியும் மனிதன்தானே! ஆகையால் டெகானி, வீனர் என்ற ஆராய்ச்சியாளர் இருவர், நாசா நிறுவனத்துக்காகப் பட்டியலையே பரிசோதித்து 1990இல் அறிக்கை தந்தனர். நேரமாக ஆக, குறுக்கீடு வருவதற்கு இடமும் அதிகமாகிறது. எனவே உயிர்காக்கும் காரியங்கள் பட்டியலின் தொடக்கத்திலேயே வரவேண்டும் என்றனர்.

அவர்கள் சொன்ன இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ‘பலகைகள்?’ என்று கேட்டால் ‘பார்த்தாயிற்று’ என்பது பதிலாகாது. கண், தான் எதிர்பார்ப்பதையே காணும். நாவும் பழகிய சொல்லையே சொல்லும். கருவியைப் பார்த்து, எத்தனை பாகை என்ற எண்ணையே சொல்லவேண்டும். கடைசி வரியையும் படித்தபின், ‘பட்டியல் முடிந்தது’ என்று வாய்விட்டுக் கூறவேண்டும். அதைக் கேட்டால்தான், வேறு வேலையில் ஈடுபட்டிருந்த மற்ற விமானிக்கும் பாதியில் எதுவும் நின்றுபோகவில்லை என்பது தெரியவரும்.