தேயிலைத் தொழிற்சாலையும் கணினி மாதிரியும்

பதுளையிலிருந்து பசறைக்கோ அப்புத்தளைக்கோ செல்லும் வழியெங்கும் மலைச்சரிவுகளில் தேயிலைத் தொழிற்சாலைகளைக் காண்கின்றோம். பெற்றோர் கொழுந்து பறித்து ஈட்டிய கூலியாற் கல்வி பெற்றோர் நம்மிடையே பலர். ஆயினும், சாக்கிற் புகும் கொழுந்து தூளாகி வெளிவருமுன் எங்கே நட்டம் நேர்கின்றது என ஆராய்ந்தோர் சிலரே.

கொழுந்து முதலில் வாட்டப்படுகின்றது; பின்னர் உருட்டப்பட்டு, நொதிக்க விடப்பட்டு, வெப்பக் காற்றில் உலர்த்தப்பட்டு, சலித்துத் தரம் பிரிக்கப்படுகின்றது. இவ்வொவ்வொரு படியின் நேரத்தையும் நிறையையும் அளந்து, அவற்றின் தொடர்பைக் கணினியில் அமைப்பதே உற்பத்தி மாதிரி எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜெப்ரி கோர்டன் 1961 ஆம் ஆண்டில் உருவாக்கிய ஜி.பி.எஸ்.எஸ். என்பது இவ்வகை மென்பொருள்களின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். உருட்டிய இலை மணிக்கு 300 கிலோ வந்துசேர, உலர்த்தும் இயந்திரம் 250 கிலோவையே ஏற்கின்றது எனக் கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 200 கிலோ தேங்கிவிடும். அப்போது வந்துசேரும் இலை 48 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். அந்நேரமெல்லாம் அது மிகையாக நொதித்து மணங்கெடும். உருட்டுவோரை விரைவுபடுத்தினால் தேக்கம் பெருகுமேயன்றிக் குறையாது. ஊவாத் தேயிலை தனி மணம் பெறுவது ஆடி முதல் புரட்டாசி வரை வீசும் வறண்ட காற்றினால். அக்காலத்தில் இழக்கும் மணம் பெருநட்டமன்றோ?

நிறைக் கணக்கும் இத்தகையதே. 1000 கிலோ கொழுந்தில் ஈரம் நூற்றுக்கு 78 ஆயின் உலர்பொருள் 220 கிலோ. நூற்றுக்கு 3 ஈரமுள்ள தூளாக அது ஏறத்தாழ 227 கிலோ ஆதல் வேண்டும். 210 கிலோவே கிடைக்குமாயின், எஞ்சிய 17 கிலோவைக் கழிவிலும் சிந்தலிலும் தேடுதல் வேண்டும். முதல் ஈரத்தை அளந்ததிற் பிழையுண்டோ எனவும் பார்த்தல் வேண்டும். அளவாது, கொழுந்து பறித்தவரையே முதலிற் குறைகூறுவது எளிது, ஆனால் நீதியன்று. தராசடியில் ஈரத்துக்கெனக் கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் ஒரு தாயின் உழைப்பு. அக்கழிவும் மதிப்பீட்டாலன்றி அளவையாலேயே தீர்மானிக்கப்படல் முறை.

எனினும், மாதிரி என்பது நாம் இட்ட எண்களின் நிழலே. வேறு மலையில் எடுத்த அளவு நம் காற்றுக்குப் பொருந்தாது. இங்கேயே, பருவந்தோறும் அளத்தல் வேண்டும். மணமறியும் தொழிற்சாலை அலுவலரின் மூக்குக்கும், பல்லாண்டு உழைத்தோரின் அநுபவத்துக்கும் எக்கணினியும் ஈடாகாது. அவர்களைக் கேட்டே மாதிரி அமைத்தல் அறிவுடைமை.

கணிதமும் கணினியும் பயிலும் இளைய மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: உங்கள் முதற் சோதனைச்சாலை தொலைவிலில்லை. கடிகாரமும் தராசும் குறிப்பேடும் கொண்டு, உரியோர் அனுமதி பெற்று, அருகிலுள்ள தொழிற்சாலையில் ஒருநாள் நில்லுங்கள். பெற்றோரின் உழைப்பு எங்கே பயன்படுகின்றது, எங்கே வீணாகின்றது என்பதை அறிவீர்கள். கற்ற கல்விக்கு அதனினும் சிறந்த பயன் யாதுளது?