0.89: விரதம் சொரியாசிஸுக்குத் தந்த வரவு

விரதம் இருந்தால் சொரியாசிஸ் அடங்குமா என்று கேட்பவர்களுக்கு ஓர் எண்ணைச் சொல்லலாம். நடுத்தரம் முதல் கடுமையான சொரியாசிஸ் வரை உள்ள 108 பேரின் ரமலான் நோன்பைப் பின்தொடர்ந்து, இத்தாலிய தோல் மருத்துவர் ஜியோவான்னி டாமியானியின் குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நோன்பு முடிந்தபோது, நோயின் கடுமையை அளக்கும் அவர்களின் ‘பாஸி’ ஸ்கோர் சராசரியாக 0.89 குறைந்திருந்தது.

இது பெரிதா, சிறிதா? அந்த ஸ்கோரைப் போடும் முறையைப் பார்த்தால் விளங்கும். மொத்தம் 0 முதல் 72 வரை. தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, உடற்பகுதிக்கு 0.3, கால்களுக்கு 0.4 என்று பங்கு. சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனியே 4 வரை மதிப்பெண். படை பரவிய பரப்புக்கு 6 வரை. ஒருவரின் கால்களில் மூன்றில் ஒரு பங்கு படை என்றால் பரப்புக்கு 3. சிவப்பு 2, தடிப்பு 2, செதில் 2 என்றால் கூட்டல் 6. ஆக 6 × 3 × 0.4 = 7.2. சிவப்பு மட்டும் ஒரு படி தணிந்தால் 5 × 3 × 0.4 = 6. குறைந்தது 1.2. ஒரு மாத நோன்பின் சராசரி வரவு இதையும் எட்டவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 0.89-க்குத் திட்ட விலக்கம் 1.21. சராசரியைவிட விலக்கம் பெரிதாக இருக்கிறது என்றால், சிலருக்கு 2 புள்ளி இறங்கியிருக்கும், சிலருக்கு அசைவே இருந்திருக்காது, ஏறியவர்களும் இருக்கக்கூடும்.

செலவுப் பக்கம்: நம் ஊரில் நோன்பு நாளொன்றுக்குச் சுமார் 13 மணி நேரம். 30 நாளுக்கு 390 மணி நேரம், தண்ணீரும் இல்லாமல். இறைவனுக்காக நோற்பவருக்கு இது செலவே இல்லை. தோலுக்காக மட்டும் பட்டினி கிடப்பவர் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

மூட்டுவலியும் சேர்ந்த சொரியாசிஸில் வரவு கொஞ்சம் கூடுதல். அதே 2019-இல் 37 பேரிடம் நடந்த ரமலான் ஆய்வில் பாஸி 7.46-லிருந்து 5.86 ஆனது, 21 சதவீத இறக்கம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 14.08-லிருந்து 12.16 ஆனது, சுமார் 14 சதவீதம். உடல் எடை குறைந்ததைக் கணக்கில் கழித்த பிறகும் சி.ஆர்.பி. மாற்றம் நின்றது. ஆனால் இரண்டு ஆய்விலும் நோன்பு நோற்காத ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஏறி இறங்குவதே இந்த நோயின் இயல்பு என்பதால், இறக்கம் முழுவதையும் நோன்பின் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

நோன்பு உதவக் காரணம் இல்லாமலும் இல்லை. சாதாரணத் தோல் சுமார் 4 வாரத்தில் தன்னைப் புதுப்பிக்கும். சொரியாசிஸில் அது 3 முதல் 5 நாளில் நடக்கிறது. அப்படி விரட்டுவது நோய் எதிர்ப்புச் செல்கள். நியூயார்க் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் நலமாக இருந்த 12 பேரை 19 மணி நேரம் உண்ணாமல் இருக்கச் செய்தபோது, அழற்சிக்குத் துணைபோகும் மோனோசைட் செல்கள் ரத்தத்தில் குறைந்தன.

பெரிய வரவு வேறு இடத்தில் இருக்கிறது: எடை. 2008-இல் இத்தாலியில் பருமனான 61 சொரியாசிஸ் நோயாளிகளுக்குச் சைக்ளோஸ்போரின் மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்குக் கலோரி குறைந்த உணவும் சேர்த்து. அந்தப் பிரிவினர் 24 வாரத்தில் உடல் எடையில் 7 சதவீதம் இழந்தார்கள். பாஸி ஸ்கோர் முக்கால்வாசி இறங்கியவர்கள் அவர்களில் 66.7 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 29 சதவீதம். மருந்து அதேதான், பலன் இரு மடங்குக்கு மேல். 2014-இல் 303 பேரிடம் நடந்த ஆய்வில், உணவும் உடற்பயிற்சியுமாக 20 வாரம் இருந்தவர்களுக்கு ஸ்கோர் 48 சதவீதம் இறங்கியது. வெறும் ஆலோசனை பெற்றவர்களுக்கு 25.5. அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளை 2018-இல் உறுதியாகப் பரிந்துரைத்ததும் கூடுதல் எடை உள்ளவர்களுக்குக் கலோரி குறைந்த உணவைத்தான்.

ஊசி மருந்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். செக்குகினுமாப் 300 மில்லிகிராம் போட்டவர்களில் 81.6 சதவீதத்தினருக்கு 12 வாரத்தில் ஸ்கோர் முக்கால்வாசி இறங்கியது. முதல் ஆண்டில் 16 தவணை ஊசி; பணச் செலவு கடுமை. அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் பட்டினியை மருந்தாக நம்புகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, நம்பிக்கைக்குத்தான் எண்கள் துணை இல்லை.

சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டுக்கொண்டு விரதம் இருப்பவர்கள் கவனிக்கவும்: அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, உடலில் நீர் வற்றினால் அதன் நச்சு கூடும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு எடுப்பவருக்கு நீண்ட பட்டினியில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் படை சீழ்க்கொப்புளமாக வெடிக்கலாம். விரதம் இருங்கள், மாத்திரைச் சீட்டைத் தோல் டாக்டரிடம் காட்டி வேளையை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு இருங்கள். நீங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.