சிறு திடல் போதும்: மலைத்தோட்டப் பிள்ளைகளும் காற்பந்தும்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ள ஊர் திரிங்காப். சாலையோரமெங்கும் காய்கறித் தோட்டங்கள்; சுற்றுவட்டாரக் குன்றுகளில் தேயிலைச் செடிகள். சமதரை என்பது இங்கே அரிய பொருள். அது கிடைத்தால் அங்கே வீடு எழும், அல்லது பயிர் ஏறும். ஆகவே, நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து கற்பிக்கலாமே என்று எவரேனும் சொன்னால், "திடலுக்கு எங்கே போவது?" என்னும் கேள்வியே முதலில் பிறக்கிறது.

கேள்வி நியாயமானதுதான். பெரியவர்கள் ஆடும் திடல் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால், ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அத்துணைப் பெரிய திடல் தேவையில்லை. உண்மையில், அது அப்பிள்ளையின் கற்றலுக்கே தடையாகும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரே பந்துடன் பெரிய திடலில் ஒரு மணி நேரம் ஓடவிடுவதாகக் கொள்வோம். பந்தைச் சமமாகப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடங்கூடக் கிடைக்காது. நடைமுறையிலோ வலிமையுள்ள நால்வர் காலிலேயே பந்து சுழலும். மற்றவர் வெறுமனே பின்னால் ஓடிக் களைப்பர். பக்கத்திற்கு நால்வராக எட்டுப் பேர் ஆடினால் ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடத்திற்கு மேல் கிடைக்கும். பந்தைத் தொட்டுப் பழகாத கால் காற்பந்தைக் கற்காது.

உலக நாடுகளும் இவ்வழியையே நாடுகின்றன. உலகக் கிண்ணத்தை நான்கு முறை வென்ற ஜெர்மனி, 2024-ஆம் ஆண்டுப் பருவம் முதல் சிறுவர் ஆட்டத்தை மாற்றியமைத்துவிட்டது. அங்கே ஏழு வயதுக்குட்பட்டோர் பக்கத்திற்கு இருவர் அல்லது மூவராகச் சிறு திடலிலேயே ஆடுகின்றனர்.

இம்முறை நம் மலைத்தோட்டங்களுக்கு மிகவும் பொருந்தும். தோட்டங்களில் நம் குடும்பங்கள் முன்போல் மிகுதியாக இல்லை. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. நாட்டின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. பதினொருவர் கொண்ட குழுவுக்கு ஆள் திரட்டுவது அத்தகைய பள்ளிக்குக் கடினம். ஆனால், எட்டுப் பிள்ளைகள் ஒரு லயத்து வரிசையிலேயே கிடைத்துவிடுவர். பூப்பந்து மைதானம் 13.4 மீட்டர் நீளமுடையது. அதைப்போல் இருமடங்கு இடமிருந்தால் நால்வர் ஆட்டம் நடத்தலாம். பள்ளி முற்றமும் மண்டபத்து வாசலும் போதுமானவை. பந்து சரிவில் உருண்டோடாதபடி ஓரத்தில் வலை கட்டிவிட வேண்டும்.

தொடங்குவது எப்படி? வாரத்தில் இரு மாலைகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போதும். எட்டு வயது வரை எண் 3 பந்தும், அதன் பின் பன்னிரண்டு வயது வரை எண் 4 பந்தும் ஏற்றவை. பெரியோர் பயன்படுத்தும் எண் 5 பந்து பிஞ்சுக் கால்களுக்குப் பளுவானது. முதலில் ஆளுக்கொரு பந்தாகக் கொடுத்து, உருட்டவும் நிறுத்தவும் திரும்பவும் பழக்க வேண்டும். பிறகு துரத்திப் பிடிக்கும் ஆட்டம். இறுதியில் நால்வர் ஆட்டம். வரிசையில் நிற்கவைத்து நீண்ட விளக்கம் சொல்வது பயனளிக்காது. தலையால் முட்டும் பயிற்சி இவ்வயதில் வேண்டா. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தொடக்கப்பள்ளி வயதினருக்கு அப்பயிற்சி அளிக்கக்கூடாதென 2020-இல் நெறிமுறை வகுக்கப்பட்டது.

பாதுகாப்பில் நாம் சற்றும் அசட்டையாக இருத்தலாகாது. கோல் கம்பத்திற்குப் பதிலாகக் காலி மருந்து டின்களை நட்டுவைக்கும் பழக்கம் எங்கேனும் இருப்பின் இன்றே கைவிட வேண்டும். கழுவிய டின்னிலும் நஞ்சு தங்கியிருக்கக்கூடும். செருப்போ கல்லோ மூங்கிலோ போதும். மருந்து தெளிக்கும் வேளையில் அருகே விளையாடக்கூடாது. இடியோசை கேட்டதும் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். கடைசி இடி முழங்கி முப்பது நிமிடங்கள் கழிந்த பின்னரே வெளியே விட வேண்டும். மலைக்குளிரில் நனைந்த சட்டையோடு வீடு திரும்புவது நன்றன்று; மாற்றுச் சட்டையொன்றைக் கொடுத்தனுப்புங்கள். பயிற்சியிடத்தில் எந்நேரமும் பெரியவர் இருவரேனும் இருத்தல் வேண்டும்.

பயிற்றுநர் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையுள்ள ஓர் இளைஞர், ஓர் ஆசிரியர், வேலை முடிந்து வரும் ஒரு தாய் ஆகியோரில் எவரும் தொடங்கலாம். முறைப்படி கற்க விரும்புவோருக்கு மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் 'டி' உரிமப் பயிற்சி முதற்படியாக உள்ளது. ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் போதவில்லையெனில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி அடுத்த தோட்டத்தாருடனும் திரிங்காப் நகரத்தாருடனும் கூடிப் பேசலாம். சீன, மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஆட்டமும் வளரும், நட்பும் வளரும். சிறுமியரை ஒதுக்காதீர்கள், இவ்வயதில் ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் ஆடலாம்.

நம் சமுதாயத்துக்குக் காற்பந்து புதிதன்று. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நம் நாட்டுக் குழுவில் எம். சந்திரன் இடம்பெற்றார். 1980-இல் மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்றபோது கோல் காவலராக நின்றவர் ஆர். ஆறுமுகம். 2010-இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை நாடு முதன்முறையாக வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். இப்பெயர்களைக் கேட்டுப் பெருமைப்படும் நாம், அவர்களைப்போல் ஆகாத பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றில் ஒருவருக்கேனும் அத்தகைய வாய்ப்புக் கிட்டுமென எவரும் உறுதி கூற இயலாது.

2014-இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் 7 முதல் 17 வயது வரையிலானோரைக் கருத்திற்கொண்டது. அதன் மொக்தார் டஹாரி பயிற்சிக்கழகம் நம் பகாங் மாநிலத்துக் கம்பாங்கிலேயே அமைந்தது. அவ்வாயிலை எட்டும் பிள்ளை எட்டட்டும். எனினும், அதற்காக எட்டு வயதிலேயே கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து மற்றவரை ஓரத்தில் அமர்த்துவது பெருந்தவறு. "உனக்கு ஆட்டம் வராது" என்ற ஒரு சொல் போதும். அப்பிள்ளை பந்தை மட்டுமன்று, தன்னம்பிக்கையையும் கீழே போட்டுவிடும். எட்டு வயதில் மெலிந்து பின்தங்கிய பிள்ளை பதினைந்தில் முன்னணியில் ஓடுவதும் உண்டு.

எனவே நாம் வேண்டுவது ஒன்றே. அனைவரும் ஆடட்டும், அனைவரும் சமநேரம் ஆடட்டும். ஓரத்தில் நிற்கும் பெற்றோர் தம் பிள்ளையை மட்டும் கூவி ஏவாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் கைதட்டட்டும். கோல் எண்ணிக்கை மறுநாளே மறந்துபோகும். கூடி ஓடிய மாலைப்பொழுதோ அப்பிள்ளைகளின் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். பெரிய திடல் வரட்டுமென்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பந்தும் எட்டுப் பிள்ளைகளும் இரு பெரியவர்களும் கூடும் இடமே நம் திடலாகும்.