சொட்டு மருந்தும் சுற்றுப்புறமும்

ஓர் ஊரில் குழந்தைகளுக்குச் சத்துணவு வழங்குகிறோம். அவர்களது எடை கூடவில்லை. மற்றோர் ஊரில் மருத்துவ நிலையம் திறக்கிறோம், நோயாளிகள் வரவில்லை. இத்தகைய வேளைகளில் நாம் வழக்கமாகக் கூறும் விடைகள் இரண்டு. பணம் போதவில்லை என்பது ஒன்று. மக்களுக்கு விழிப்புப் போதவில்லை என்பது மற்றொன்று. இவை சிற்சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. திட்டத்தின் உறுப்புகள் தனித்தனியே செம்மையாக இருந்தும், அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தில் குறை இருக்கக்கூடும். உறுப்புகளை மட்டும் பாராமல் அவற்றின் தொடர்புகளையும் ஆராயும் இந்த முறைக்கு 'அமைப்பு நோக்கு' என்று பெயர் சூட்டலாம்.

இந்த எண்ணம் நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் 55 இடங்களில் தொடங்கப்பெற்ற சமுதாய வளர்ச்சித் திட்டம், வேளாண்மை, சுகாதாரம், கல்வி ஆகியவற்றைக் கிராம சேவகர் என்னும் ஒரே பணியாளர் வழியே இணைக்க முயன்றது. எனினும், இந்நோக்கின் பயனைத் தெளிவாக எடுத்துக் காட்டும் சான்று, இளம்பிள்ளை வாதத்தை இந்தியா ஒழித்த வரலாறேயாகும்.

1995-ஆம் ஆண்டு இறுதியில் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. குறித்த நாளில், சிறு குழந்தைகள் அனைவருக்கும் இரண்டு சொட்டு மருந்து கொடுப்பதே திட்டம். நோய் வேகமாகக் குறைந்தது. 2001-இல் 268 குழந்தைகளே பாதிக்கப்பட்டனர். ஆனால், 2002-இல் அத்தொகை 1,600 ஆக உயர்ந்தது. மீண்டும் உழைத்து, 2005-இல் 66 ஆகக் குறைத்தனர். மறு ஆண்டே அது 676 ஆயிற்று. 2009-இலும் 741 குழந்தைகள் நோயுற்றனர். இவர்களுள் மிகப் பலர் உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய இரு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

மருந்தும் இருந்தது, ஊழியர்களும் இருந்தனர். அங்ஙனமிருக்க, வெற்றி கைக்கெட்டிய பிறகும் நழுவியது ஏன்?

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தேங்கியுள்ள நீரே, நோய்த் தடுப்பாற்றல் பெறாத குழந்தைகளின் தொகை. பிறக்கும் குழந்தைகள் வாய்க்கால் வழியே வந்து சேரும் நீர். தடுப்பாற்றல் பெறுவோர் மதகு வழியே வெளியேறும் நீர். அவ்விரு மாநிலங்களிலும் மாதந்தோறும் லட்சக்கணக்கான குழந்தைகள் பிறக்கின்றனர். ஓர் ஆண்டில் நோயாளிகள் குறைந்துவிட்டனர் என்று முகாம்களின் எண்ணிக்கையைக் குறைத்தால், மதகு பாதி அடைபட்டதற்கு ஒப்பாகும். நீர்மட்டம் ஏறுவது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. கரை உடைந்த பிறகே தெரியும். முகாம்கள் குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து 2002-இல் நேர்ந்தது இதுவே. நோயாளிகளின் எண்ணிக்கை நேற்றைய நிலையைத்தான் காட்டும். நாளைய ஆபத்தைக் காட்டாது. செய்த செயலுக்கும் காணும் பயனுக்கும் இடையே காலத் தாழ்வு உண்டு என்பது அமைப்பு நோக்கின் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் மருந்தைப் பற்றியது. மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும், பல தடவை சொட்டு மருந்து உட்கொண்ட குழந்தைகளும் நோயுற்றனர். மருந்து பழுதானதன்று. நெருக்கமான குடியிருப்பும், அசுத்தமான நீரும், ஓயாத வயிற்றுப்போக்கும் சேர்ந்து, குடலில் மருந்து வேலை செய்யவிடாமல் தடுத்தன. அதாவது, போலியோத் திட்டத்தின் வெற்றி, போலியோத் திட்டத்திற்கு வெளியே இருந்த சாக்கடையைச் சார்ந்திருந்தது! இதனை உணர்ந்து, 2009-இல் உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41, ஆக 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே சொட்டு மருந்தோடு கழிப்பிட வசதி, கை கழுவும் பழக்கம், தாய்ப்பாலூட்டல், வயிற்றுப்போக்கிற்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் ஆகியவற்றையும் ஒருங்கே வலியுறுத்தினர். 2010 ஜனவரியில் இருவகைக் கிருமிகளையும் எதிர்க்கும் புதிய சொட்டு மருந்தும் வந்து சேர்ந்தது.

மூன்றாவது பாடம் மறுத்தவர்களைப் பற்றியது. சில குடியிருப்புகளில் தாய்மார்கள் கதவைத் திறக்கவில்லை. இம்மருந்து மலட்டுத் தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி ஒருபுறம் இருந்தது. அதனினும் ஆழமான வினா வேறொன்று இருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் கிடைப்பதில்லை. தெருவில் கழிவுநீர் தேங்குகிறது. அதைக் கேட்க நாதியில்லை. இந்தச் சொட்டு மருந்து மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வீடு தேடி வருகிறது? இவ்வினாவை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அமைப்பின் எந்த மூலையில் பழுது இருக்கிறது என்பதை அலுவலகக் கோப்புகளைவிட நன்றாக எடுத்துரைத்தவர்கள் அத்தாய்மார்களே. அதே தெருவில் வாழும் பெண்களைப் பணியில் அமர்த்தி, சமயப் பெரியோர்களின் துணையையும் நாடி, மக்களின் பிற தேவைகளுக்கும் செவி கொடுத்த பின்னரே கதவுகள் திறந்தன.

அன்றாட நடைமுறையிலும் இந்நோக்கு வேரூன்றியது. குழந்தைகள் அனைவரும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் 'பி' என்றும், எவரேனும் விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் சுண்ணக்கட்டியால் எழுதினர். மாலையில் வட்டார அலுவலகத்தில் கூடி, 'எக்ஸ்' வீடுகள் எவை, காரணம் யாது என்று ஆராய்ந்து, மீண்டும் அவ்வீடுகளுக்குச் சென்றனர். செங்கற்சூளைகள், கட்டட வேலைத் தலங்கள், நாடோடிகளின் கூடாரங்கள் ஆகியவை பட்டியலில் சேர்க்கப்பட்டன. ரயில் வண்டிகளிலும் பேருந்து நிலையங்களிலும் மருந்து கொடுத்தனர். கோசி ஆற்று வெள்ளத்தால் துண்டிக்கப்படும் சிற்றூர்களில் ஊழியர்கள் தங்கிப் பணிபுரிய வசதி செய்யப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, 2010-இல் நோயாளிகளின் தொகை 42 ஆகச் சுருங்கியது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் நோயுற்ற ஒரு குழந்தையே நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. முகாம் நாள்களில் அதே சுகாதார ஊழியர்களே வீடு வீடாகச் செல்ல வேண்டியிருந்ததால், பிற தடுப்பூசிப் பணிகளுக்குரிய நேரம் குறைந்தது. ஒரு மதகைத் திறக்கும்போது மற்றொரு வயலுக்கு நீர் குறையலாம். விடுபட்ட குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசிகள் அனைத்தும் கிடைக்கச் செய்ய 'இந்திரதனுஷ்' இயக்கம் 2014 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பெற்றதை இத்தொடர்பில் நினைவுகூரலாம்.

வட்டார அளவில் சேவைத் திட்டங்களை நடத்துவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை பல. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உணவு, தடுப்பூசி, மருத்துவச் சோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, உணவு நலக் கல்வி ஆகிய ஆறு பணிகளும் அங்கன்வாடியில்தான் ஒன்று கூடுகின்றன. அங்கே குழந்தையின் எடை கூடவில்லையெனில், உணவின் அளவை மட்டும் சோதித்தால் போதாது. அக்குழந்தை குடிக்கும் நீர் எத்தகையது? அதற்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டாகிறதா? தாய் எத்தனை மணிக்குக் கூலி வேலைக்குச் செல்கிறாள்? பணியாளர் தம் நேரத்தில் எத்தனை பங்கைப் பதிவேடுகளுக்குச் செலவிடுகிறார்? புதிய திட்டம் ஒன்றை அவரிடம் ஒப்படைக்குமுன், எந்தப் பழைய பணி அதனால் தளரும் என்று கேட்பதும் நிருவாகத்தின் கடமையே.

இவ்வினாக்களுக்கு விடை ஒரே துறையின் கோப்பில் கிடைக்காது. குடிநீர், சுகாதாரம், கல்வி, ஊராட்சி ஆகியவற்றின் அலுவலர்கள் மாதத்தில் ஒரு நாளேனும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, விடுபட்ட வீடுகளின் பட்டியலை முன்னே வைத்துக்கொண்டு பேசுவார்களாயின், பெருஞ்செலவின்றியே பல சிக்கல்கள் தீரும். அப்பட்டியலில் உள்ள வீட்டாரையும் ஒருவரிருவர் அழைத்து உடன் அமர்த்திக்கொள்வார்களாயின் இன்னும் நன்று.